கணிப்பொறி வலையில் பழுது காணும் முறை

பெங்களூரில் மகாத்மா காந்தி சாலைக்குத் தெற்கே, ரிச்மண்ட் டவுன், நீலசந்திரா, விவேக் நகர் ஆகிய பகுதிகளை அடுத்து அமைந்துள்ளது ஆஸ்டின் டவுன். முற்காலத்தில் 'தண்டு' என்று வழங்கப்பட்ட கன்டோன்மென்ட்டைச் சார்ந்த இவ்விடத்தில் தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். கன்னட-ஆங்கில அகராதியை 1894-இல் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக இப்பகுதிக்குக் கிட்டல் நகர் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. கடிதத்தின்மேல் எந்தப் பெயரை எழுதினாலும், 560047 என்ற அஞ்சல் எண் சரியாக இருந்தால், கடிதம் உரிய வீட்டுக்கு வந்து சேர்கிறது.

இடத்தின் பெயர் ஒன்று. அதன் எண் ஒன்று. அதற்குச் செல்லும் வழி ஒன்று. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பிலும் இம்மூன்றும் தனித்தனியே உள்ளன. அலுவலகத்தில் 'நெட் வேலை செய்யவில்லை' என்ற குரல் எழும்போது, பெயர், எண், வழி ஆகிய மூன்றனுள் கெட்டுப்போனது எது என்று கண்டறிவதே வலையமைப்பு நிர்வாகியின் முதற் கடமை. விண்டோஸ் சர்வர் குறித்து மைக்ரோசாப்ட் நிறுவனம் நடத்திவரும் சான்றிதழ்ப் பரீட்சைகளில் வலையமைப்புப் பகுதி மாணவர் பலரைத் திணற அடிப்பதற்கும், இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலும் காரணமாகிறது.

இந்நகருக்கு இத்துறை புதியதன்று. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் கூடத்தை நிறுவி, துணைக்கோள் வழியாக வெளிநாட்டுக் கணிப்பொறிகளோடு தொடர்பு கொண்டது. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன், எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கிற்று. அதில் முதலில் பங்குகொண்ட எட்டு நிறுவனங்களுள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் அடங்கும். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். ஆராய்ச்சிக்கூட நிபுணர்கள் மட்டுமே அன்று செய்துவந்த வேலையை, இன்று சிறு மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் தணிக்கையாளர் அலுவலகத்திலும் யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டியுள்ளது. பொறியியல் பட்டம் பெறாத இளைஞர்களுக்கு இவ்வுத்தியோகத்தின் வாயிலைத் திறந்துவிடுவது பல இடங்களில் ஒரு சான்றிதழே. உத்தியோகம் கிடைத்த பின்னர் அவர்களை நிலைநிறுத்துவது பழுது காணும் திறமை.

எண்ணும் பெயரும்

வலையில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் ஐ.பி. எண் உண்டு. இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பு முறையில் இது 32 இரும இலக்கங்களால் ஆனது, எழுதும்போது 192.168.10.25 என்பதுபோல நான்கு பகுதிகளாக எழுதுவர். இம்முறையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடி. உலகின் கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் இது போதாது. ஆகையால் 192.168 என்று தொடங்கும் எண்களையும், 10 என்று தொடங்கும் எண்களையும், வேறு சிலவற்றையும் எந்த அலுவலகமும் தன் சுவர்களுக்குள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கின்றனர்.

அஞ்சல் எண்ணில் 560 என்ற முதற்பகுதி பெங்களூரைக் குறிக்கும். 047 என்ற பிற்பகுதி அஞ்சலகத்தைக் குறிக்கும். ஐ.பி. எண்ணிலும் இவ்வாறே முன்பகுதி வலையையும் பின்பகுதி தனிக் கணிப்பொறியையும் குறிக்கின்றன. எதுவரை முன்பகுதி என்று அறிவிப்பது சப்நெட் மாஸ்க் என்னும் துணை எண். 255.255.255.0 என்று அமைத்தால் முதல் மூன்று பகுதிகளும் வலையைக் குறிக்கும். கைதவறி 255.255.255.128 என்று அமைத்துவிட்டால், 25 என்ற எண்ணுள்ள கணிப்பொறி, அதே அறையில் 200 என்ற எண்ணுடன் இருக்கும் அச்சுப்பொறியை வெளியூர் என்று கருதி, தன் செய்தியைக் கேட்வே எனப்படும் வாயிற் கருவிக்கு அனுப்பிவிடும். சில வாயிற் கருவிகள் அச்செய்தியைத் திருப்பி உரிய இடத்தில் சேர்த்துவிடுவதால் இப்பிழை மாதக்கணக்கில் மறைந்து கிடப்பதும் உண்டு.

இருபது முப்பது கணிப்பொறிகளுக்குக் கையால் எண் எழுதுவது தொல்லை. ஆகவே எண் வழங்கும் பணியை டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாட்டிடம் ஒப்படைக்கின்றனர். புதிதாக விழித்தெழும் கணிப்பொறி, 'எண் கொடுப்பார் யாரேனும் உண்டா?' என்று வலை முழுவதும் கேட்கும்படி அழைக்கிறது. சர்வர் ஓர் எண்ணை அளிக்க முன்வருகிறது. கணிப்பொறி அதனையே வேண்டுகிறது. சர்வர் உறுதி கூறுகிறது. இந்நான்கு செய்திகளோடு பேரம் முடிகிறது. எண் நிரந்தரமாகக் கொடுக்கப்படுவதில்லை, குத்தகைக்கே விடப்படுகிறது. விண்டோஸ் சர்வரில் இயல்பான குத்தகைக் காலம் எட்டு நாள். அதில் பாதி கழிந்ததும் கணிப்பொறி புதுப்பிக்க முயல்கிறது. எண்ணோடு சப்நெட் மாஸ்க், வாயிற் கருவியின் எண், பெயர் கேட்க வேண்டிய சர்வரின் எண் ஆகியவையும் இக்குத்தகையிலேயே வந்து சேருகின்றன. பின்னர் கூறப்போகும் பழுதுக்கு வித்தாக அமைவது இக்கடைசி விவரமே.

மனிதர் எண்ணை நினைவில் வைப்பதில்லை; பெயரையே வைக்கின்றனர். இன்டர்நெட்டின் முன்னோடி வலையமைப்பில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பட்டு வந்தன. பட்டியல் வளர வளர அதைக் கட்டிக்காப்பது இயலாதாயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். என்னும் பங்கிட்ட பெயரேட்டு முறையை வகுத்தார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களுக்குத் தானே பொறுப்பு. தனக்குத் தெரியாத பெயரை மேலே உள்ளவரிடம் விசாரித்துச் சொல்லலாம். இவ்வேட்டில் பலவகைப் பதிவுகள் உண்டு. பெயருக்கு எண் சொல்வது ஒன்று. கிட்டல் நகர் என்பது ஆஸ்டின் டவுனே என்று சொல்வதுபோல, ஒரு பெயர் மற்றொன்றின் மாற்றுப்பெயர் என்று அறிவிப்பது இன்னொன்று. குறிப்பிட்ட பணியைச் செய்யும் சர்வர் எது என்று காட்டும் பதிவும் உண்டு. விண்டோஸ் வலையமைப்பின் உயிர்நாடி இந்த மூன்றாவது வகையே. பயனர்களின் பெயர்களையும் உரிமைகளையும் காத்துவரும் ஆக்டிவ் டைரக்டரியை, அலுவலகக் கணிப்பொறி டி.என்.எஸ். ஏட்டைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறது.

தணிக்கை அலுவலகம் ஒன்றில்

ஆஸ்டின் டவுனில், மாடியில் இயங்கும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருபத்தைந்து கணிப்பொறிகள், 192.168.10.10 என்ற எண்ணில் ஒரு விண்டோஸ் சர்வர். ஆக்டிவ் டைரக்டரி, டி.என்.எஸ்., டி.எச்.சி.பி. மூன்றையும் அதுவே நடத்துகிறது. வருமான வரிக் கணக்குகள் குவியும் காலம். திங்கட்கிழமை காலையில், கணக்குக் கோப்புகள் திறக்கவில்லை என்று ஏழெட்டுப் பேர் முறையிடுகின்றனர். மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. முறையிடுவோருக்கும் இன்டர்நெட் நன்றாகவே வருகிறது. வருமான வரித் துறையின் இணையதளம் உடனே திறக்கிறது. உள்நுழைவதிலும் தடையில்லை, சற்றுத் தாமதம் மட்டுமே. செவ்வாய்க்கிழமை முறையிடுவோர் தொகை பன்னிரண்டாகிறது.

அனுபவமற்றவர் இந்நிலையில் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவார். அதனால் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் சிறிது நேரம் கைகட்டி நிற்க நேரிடும். பழுதோ அப்படியே இருக்கும். சர்வர் கெட்டிருந்தால் எல்லோரும் அல்லவா முறையிட வேண்டும்?

முறையறிந்தவர் முதலில் கேட்பவை மூன்று கேள்விகள்: யார் யாருக்கு? எப்போதிலிருந்து? அதற்குமுன் மாற்றப்பட்டது எது? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கும். அதை நம்பிவிடலாகாது. அடுத்து, நன்றாக இயங்கும் கணிப்பொறி ஒன்றையும் இயங்காத ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டிலும் 'ஐ.பி.கான்ஃபிக்' என்ற கட்டளையை முழு விவரம் காட்டும்படி இட்டுப் பார்ப்பார். நல்ல கணிப்பொறியில், பெயர் சொல்லும் சர்வரின் எண் 192.168.10.10 என்று இருக்கிறது. பழுதான கணிப்பொறியிலோ 192.168.10.1 என்று இருக்கிறது. அதாவது இன்டர்நெட் இணைப்பைத் தரும் ரூட்டரின் எண். எண் வழங்கியவர் யார் என்ற வரியிலும் அதே ரூட்டர்.

புதிர் இங்கே அவிழ்கிறது. சனிக்கிழமை இணைப்பு நிறுவனத்தின் ஊழியர் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துச் சென்றிருக்கிறார். புதிய ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டி.எச்.சி.பி. பணி இயங்கும் நிலையில் வந்தது. ஆக, வலையில் எண் வழங்குவோர் இருவர் ஆயினர். கணிப்பொறி பொதுவாக முதலில் வரும் விடையை ஏற்றுக்கொள்கிறது. எவர் முந்துவார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். குத்தகை முடியாதவர்கள் பழைய விவரங்களோடு நலமாக இருந்தனர். புதிதாகக் குத்தகை கேட்டவர்களுள் சிலர் ரூட்டரிடம் சிக்கினர். நாளுக்கு நாள் தொகை பெருகியதன் காரணம் இதுவே.

இன்டர்நெட் ஏன் பழுதுறவில்லை? பெயரைக் கேட்டால் ரூட்டர் அதை வெளியுலக டி.என்.எஸ். சர்வர்களிடம் விசாரித்துச் சொல்கிறது. வருமான வரித் துறையின் பெயர் அங்கே உண்டு. அலுவலகத்துக்குள் மட்டுமே வழங்கும் சர்வரின் முழுப்பெயர் அங்கே இல்லை. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று வெளியுலகம் உண்மையைத்தான் சொல்கிறது. உள்நுழைய முடிந்தது ஏன்? முன்பு உள்நுழைந்தவரின் சான்றை விண்டோஸ் தன்னிடமே சேமித்து வைத்து, சர்வரைக் காணாதபோது அதைக்கொண்டு அனுமதிக்கிறது. சர்வரின் குறும்பெயரை மட்டும் தட்டினால், அதே வலைக்குள் உரக்கக் கூவித் தேடும் பழைய முறையினால் சில வேளைகளில் கோப்புகள் திறந்துவிடவும் கூடும். இவ்வாறு பாதி உண்மை பேசும் பழுதுகளே மிக அதிகமான நேரத்தை விழுங்குகின்றன.

பரிகாரம் ஐந்து நிமிட வேலை. ரூட்டரின் டி.எச்.சி.பி. பணியை நிறுத்த வேண்டும். பழுதுற்ற கணிப்பொறிகளில் பழைய குத்தகையை விடுவித்துப் புதியதைப் பெறும்படி கட்டளையிட வேண்டும். நினைவில் தங்கியுள்ள தவறான பெயர் விடைகளையும் துடைத்துவிட வேண்டும். பின்னர் 'என்.எஸ்.லுக்கப்' என்ற கட்டளையினால், சர்வரின் முழுப்பெயருக்குச் சரியான எண் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு கணிப்பொறியில் சோதித்துத் தெளிந்த பின்னரே மற்றவற்றைத் தொடுவது நல்லது.

பரீட்சைக்குப் படிப்போர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் டி.எச்.சி.பி. சர்வர் எண் வழங்கத் தொடங்குமுன் ஆக்டிவ் டைரக்டரியில் அனுமதி பெற வேண்டும் என்று பாடப் புத்தகங்கள் கூறுகின்றன. அது மெய்யே. ஆனால் அனுமதி உண்டா என்று தானே வினவி அடங்கி நிற்பது விண்டோஸ் சர்வரின் பழக்கம். நூற்றுக்கணக்கான ரூபாய் விலையுள்ள ரூட்டர் யாரையும் வினவுவதில்லை. அத்தகைய அத்துமீறலைத் தடுப்பது, எந்தத் துளையிலிருந்து டி.எச்.சி.பி. விடை வரலாம் என்று காவல் செய்யும் ஸ்விட்ச்சின் வேலை.

பிங் சொல்வதும் சொல்லாததும்

பழுது காண்பதற்குக் கைகண்ட வரிசை ஒன்று உண்டு. கம்பியில் விளக்கு எரிகிறதா? தனக்கு எண் இருக்கிறதா? வாயிற் கருவி எட்டுகிறதா? தொலைவில் உள்ள எண் எட்டுகிறதா? பெயருக்கு எண் கிடைக்கிறதா? கடைசியாக, வேண்டிய பணி அந்தச் சர்வரில் விடையளிக்கிறதா? எண்ணால் எட்டுவது பெயரால் எட்டவில்லையானால், வழி நலம், பெயரேடு பழுது என்று ஐயமின்றிக் கூறலாம்.

எட்டுகிறதா என்று காண எல்லோரும் இடும் கட்டளை 'பிங்'. அதன் விடையை அளவோடு நம்ப வேண்டும். விண்டோஸின் தற்காப்பு அரண் பல அமைப்புகளில் பிங் அழைப்பைக் காதில் வாங்காமல் விட்டுவிடும். சர்வர் உயிரோடிருந்தும் விடை வராது. மறுபுறம், பிங் விடை வந்தாலும் கோப்புப் பணி நின்றுபோயிருக்கலாம். ஆகவே குறிப்பிட்ட பணியின் துறை எண்ணையே தட்டிப் பார்க்கும் 'டெஸ்ட் நெட்கனெக்ஷன்' என்ற கட்டளையைக் கற்பது பயன் தரும்.

169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், எண் வழங்குவோர் எவரும் விடை சொல்லாததால் கணிப்பொறி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கம்பி கழன்றிருக்கலாம், சர்வர் நின்றிருக்கலாம், அல்லது வழங்க எண்ணே மிஞ்சாமல் போயிருக்கலாம். கடைசிக் காரணம் இக்காலத்தில் அடிக்கடி நேர்வது. நூறு எண்கள் ஒதுக்கிய அலுவலகத்தில், வருவோர் போவோரின் கைப்பேசிகள் ஆளுக்கொரு எண்ணை எட்டு நாள் குத்தகைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் ஊழியருக்கு எண் ஏது? விருந்தினருக்கெனத் தனி வலை அமைத்து, அங்கே குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைப்பதே தீர்வு. கடிகாரத்தையும் மறந்துவிடலாகாது. சர்வருக்கும் கணிப்பொறிக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால், ஆக்டிவ் டைரக்டரியின் அடையாளச் சோதனை இயல்பான அமைப்பில் தோல்வியுறும். வலை, எண், பெயர் எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறவாது.

பேரளவு வலையமைப்புகளும் இதே விதிகளுக்கு உட்பட்டவையே. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பணிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. இந்தியாவில் அப்போது இரவு. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்தது. அதனால் அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் வழி இன்டர்நெட்டிலிருந்தே மறைந்தது. சர்வர்கள் பழுதின்றி இருந்தும் உலகம் அவற்றின் பெயரை எண்ணாக்க வகையின்றி நின்றது. 2023 ஜனவரி 25-இல், இந்திய அலுவலகங்கள் சுறுசுறுப்பாக இயங்கும் நண்பகல் வேளையில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டீம்ஸ், அவுட்லுக் முதலிய பணிகள் தடைப்பட்டன. ஒரு ரூட்டரின் ஐ.பி. எண்ணை மாற்றுகையில் இடப்பட்ட கட்டளை, மற்ற ரூட்டர்கள் எல்லாம் தத்தம் வழிப்பட்டியலை மறுபடி கணக்கிடும்படி செய்துவிட்டதே காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பரீட்சை நடத்துபவருக்கும் இத்துறையில் விதிவிலக்கில்லை!

பரீட்சையும் பயிற்சியும்

இப்பரீட்சைகளின் வடிவம் பலமுறை மாறியுள்ளது. 2003-ஆம் ஆண்டு சர்வருக்கு 70-291, 2008-க்கு 70-642, 2016-க்கு 70-741 என்று வலையமைப்புக்கெனத் தனித்தாள்கள் இருந்தன. 70-741 தாள் 2021 ஜனவரி 31-உடன் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த ஏ.இசட்-800, ஏ.இசட்-801 தாள்களில் டி.என்.எஸ்., டி.எச்.சி.பி. ஆகியவை மேகக் கணிமையோடு சேர்ந்த பகுதிகளாயின. தேர்ச்சிக்கு 1000-க்கு 700 மதிப்பெண் வேண்டும்.

முந்தைய வினாக்களின் விடைகளை நெட்டுருப் போட்டுத் தேறியவர்கள் உண்டு. வினாத்தாள் வணிகம் செய்வோரும் உண்டு. அவ்வழியில் பெற்ற சான்றிதழ், மேற்கூறிய தணிக்கை அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வெளுத்துவிடும். கோப்புகள் திறக்காமல் காத்திருப்போர் நால்வகை விடைகளை எழுதிக்கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை.

பயிற்சிக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை 180 நாள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஹைப்பர்-வி போன்ற ஏற்பாட்டினால், 16 ஜி.பி. நினைவகமுள்ள ஒரே கணிப்பொறிக்குள் ஒரு சர்வரையும் இரு பயனர் கணிப்பொறிகளையும் கற்பனைக் கணிப்பொறிகளாக நிறுவலாம். இவற்றை வெளியுலகத் தொடர்பில்லாத தனி வலையில் வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் மாணவரின் டி.எச்.சி.பி. சர்வர் விடுதியில் உள்ள அனைவருக்கும் எண் வழங்கத் தொடங்கி, பழுது தேடுபவரே பழுதுக்குக் காரணமாகிவிடுவார்.

நிறுவிய பின்னர் செய்யத்தக்கது, சரியாக இயங்கும் அமைப்பை வேண்டுமென்றே கெடுப்பது. ஒரு நாள் சப்நெட் மாஸ்க்கை மாற்றலாம், மறுநாள் டி.என்.எஸ். பதிவில் பழைய எண்ணை எழுதலாம். இன்னொரு நாள் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைக்கலாம். கெடுத்தவரே கண்டுபிடிப்பதில் பயிற்சி குறைவு. ஆகையால் இருவர் சேர்ந்து, ஒருவர் கெடுத்து வெளியேற, மற்றவர் உள்ளே வந்து, ஒவ்வொரு கட்டளையையும் அதன் விடையையும் நேரம் குறித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே தேடுவது சாலச் சிறந்தது. கண்டபின் நோட்டைப் புரட்டினால், எந்த வரியிலேயே விடை வெளிப்பட்டிருந்தது, எத்தனை வரிகள் அதைக் கவனியாமல் வீணாயின என்பது தெரியவரும்.